கலிவி கோடியைத் தேடி கடப்பா போகிறோம், ஸ்பீக்கர் எடுத்துப் போகலாமா?

ஆட்காட்டி92 | 14 ஜூன் 2019, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நாலு பேர், வேலூர். அடுத்த மாதம் சேர்ந்தாற்போல மூன்று நாள் லீவு கிடைக்கிறது. கடப்பா மாவட்டம் லங்கமல்லேஸ்வரா சரணாலயப் பக்கம் போய் ஜெர்டான் கோர்சர் என்கிற அரிய பறவையைத் தேடலாம் என்று இருக்கிறோம். தெலுங்கில் கலிவி கோடி. பத்து வருடமாக யாரும் பார்த்ததாக உறுதியான செய்தி இல்லை. அதனால்தான் இந்த ஆசையே.

கையில் இருப்பது: ப்ளூடூத் ஸ்பீக்கர் 1, ஹெட் டார்ச் 3, 400 எம்எம் லென்ஸ். குரல் பதிவு டவுன்லோடு செய்துவிட்டேன். பொழுது சாய்ந்ததும் அதைப் போட்டுக்கொண்டே நடந்தால் பதில் குரல் கொடுக்குமா? எந்தப் பக்கம் இறங்கினால் நல்லது? நான் கேள்விப்பட்டவரை [ஊர்ப் பெயர்கள் நீக்கப்பட்டன: மட்டுறுத்துநர்] மூன்று இடமும் சரிதானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வரகு | 14 ஜூன் 2019, இரவு 9:40

வாழ்த்துகள் நண்பா! படம் கிடைத்தால் இங்கேதான் முதலில் போட வேண்டும், சொல்லிட்டேன்.

மட்டுறுத்துநர் | 14 ஜூன் 2019, இரவு 10:05

ஊர்ப் பெயர்களை எடுத்தது நான்தான். கூடு, குரல், இரவுத் தங்குமிடம் எதுவானாலும் அழிவின் விளிம்பில் இருக்கும் பறவைக்கு இடம் குறிப்பிட வேண்டாம். தளத்தின் பழைய விதி.

ஆட்காட்டி92 | 14 ஜூன் 2019, இரவு 10:11

சார், அதில் ஒன்று ரெட்டிப்பள்ளி. 1986-ல் பறவையைத் திரும்பக் கண்டுபிடித்த இடம் என்று எல்லாக் கட்டுரையிலும் இருக்கிறதே?

மட்டுறுத்துநர் | 14 ஜூன் 2019, இரவு 10:20

சரி, வரலாறு வரலாறாக இருக்கட்டும். மற்ற இரண்டும் நீக்கியது நீக்கியதுதான்.

முள்ளுக்காடு | 15 ஜூன் 2019, காலை 6:50

தம்பி, ராத்திரியே பார்த்தேன். கோபத்தில் எழுத வேண்டாம் என்று தூங்கிவிட்டேன்.

2003-ல் எட்டு மாதம் அந்தக் காட்டில் ஒரு கணக்கெடுப்பில் உதவியாளாக இருந்தேன். பறவையைக் கண்ணால் பார்த்தது எத்தனை தடவை என்று கேட்டால் ஒரே தடவை, அதுவும் மூன்று விநாடி. குரல் கேட்டது பல தடவை. காலடித் தடம் பார்த்தது அதைவிட அதிகம். எட்டு மாத வேலை என்பது முக்கால்வாசி மண் சலிப்பதுதான்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ராத்திரி நடமாடும் பறவை, உயரம் ஒரு சாண்தான், நிறம் மண் நிறம். டார்ச் வெளிச்சம் பட்டால் நிற்கும், இல்லாவிட்டால் புதருக்குப் பின்னால் ஓடிவிடும். இதை எப்படி எண்ணுவது? ஆய்வாளர் ஜெகநாதன் (நம்ம தமிழ்க்காரர், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காக வேலை செய்தார்) குழுவினர் கொண்டுவந்த வழிதான் ட்ராக்கிங் ஸ்ட்ரிப். புதர்களுக்கு இடையே வெட்டவெளியாக இருக்கும் இடத்தில் கல், சுள்ளி எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு, சலித்த மண்ணைக் கோலமாவு மாதிரி மெல்லிசாகத் தூவி நீளமாக ஒரு பட்டை போட வேண்டும். சாயங்காலம் போட்டு, காலையில் வெயில் ஏறும் முன்னால் போய்க் குனிந்து பார்க்க வேண்டும். ராத்திரி யார் யார் நடந்தார்கள் என்று அதில் எழுதியிருக்கும். முயல், கீரி, நரி, கவுதாரி, பாம்பு போன கோடு. கண்கிலேடி, ஆட்காட்டிப் பறவைகளும் வந்து ஏமாற்றும். தடம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. அளவுகோல் வைத்து விரல் நீளம் எடுத்து, கண்ணாடித் தாளில் வரைந்து, படம் எடுத்து, அதற்கப்புறம்தான் "இருக்கலாம்" என்று எழுதுவோம். "இருக்கலாம்" வந்த இடத்தில் தானியங்கிக் கேமரா. அப்போது ஃபிலிம் ரோல் காலம். கழுவி எடுத்து வந்த 36 படத்தில் 30 ஆடு. மீதி ஆறு, கேமராவைச் சரி பார்க்கக் குனிந்த என் முகம்.

இனி ஸ்பீக்கர் விஷயம். அந்தப் பறவை சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்து, நன்றாக இருட்டிய பிறகு குரல் கொடுக்க ஆரம்பிக்கும். சில நிமிடம், மிஞ்சிப் போனால் இருபது நிமிடம். அவ்வளவுதான் அதற்குப் பேச்சு நேரம். அந்த நேரத்தில் நீ ஸ்பீக்கரைப் போட்டால் அது என்ன நினைக்கும்? தன் எல்லைக்குள் இன்னொருத்தன் வந்துவிட்டான் என்று இரையை விட்டு, துணையை விட்டு, உன் ஸ்பீக்கரைச் சுற்றி அலையும். கணக்கெடுப்பில் நாங்களும் குரல் போட்டோம்தான், மறைக்கவில்லை. அனுமதியோடு, குறித்த இடத்தில், குறித்த நிமிடம் மட்டும். பதில் வந்தால் உடனே நிறுத்து, எழுது, கிளம்பு. படம் எடுக்கிற ஆள் பதில் வந்தால்தான் ஆரம்பிப்பான். வித்தியாசம் அங்கேதான்.

ஆட்காட்டி92 | 15 ஜூன் 2019, காலை 8:15

அண்ணா, மன்னிக்கணும். தெரியாமல்தான் கேட்டேன். அந்த மூன்று விநாடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன்?

முள்ளுக்காடு | 15 ஜூன் 2019, மதியம் 1:30

அதில் கதை ஒன்றும் இல்லை. ராத்திரி ஏழரை இருக்கும். தரையெல்லாம் பச்சைப் பச்சையாகப் புள்ளி மினுங்கியது, சிலந்திக் கண். ஒரு பக்கி (ராத்திரிப் பறவை) பாதையில் உட்கார்ந்திருந்தது, கண் தணல் மாதிரி. அதைத் தாண்டி டார்ச்சைத் திருப்பினேன், ஒரு களாப் புதர் ஓரத்தில் நின்றது. கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டை, மார்பில் இரண்டு வளையம், கழுத்தடியில் செம்பு நிறம். ஒரு கால் தூக்கியபடி இருந்தது. கூட வந்த பெரியவர் என் தோளை அழுத்தினார். நான் மூச்சு விட்டேனோ என்னவோ, அடுத்த நொடி பறவையைக் காணோம்.

கலிவி என்பது தெலுங்கில் களாச்செடி. நம்ம ஊரில் இருந்தால் களாக்கோழி என்று பேர் வைத்திருப்பார்கள்.

பூண்டி_கரை | 15 ஜூன் 2019, மாலை 5:02

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சென்னையில் எங்கள் தெருவில் லாரித் தண்ணீர் வந்து ஆறு நாள் ஆகிறது. பூண்டி ஏரி காய்ந்து தரை தெரிகிறது, ஆடு மேய்கிறது. நேரிலேயே போய்ப் பார்த்தேன். இந்த நேரத்தில் தேடப்படும் பறவையைப் பற்றிப் படித்தால், தெலுங்கு கங்கைக் கால்வாய் வேலையையே 2005-ல் இந்தப் பறவைக்காக நிறுத்தினார்கள் என்று இருக்கிறது. உயிரோடு இருக்கிறதா என்றே தெரியாத ஒரு குருவிக்காக ஜனங்களின் குடிநீரில் கை வைக்கலாமா? சண்டை போடக் கேட்கவில்லை. உண்மையிலேயே கேட்கிறேன்.

வரகு | 15 ஜூன் 2019, மாலை 5:10

குருவி இல்லை சார், கோழி 😀

பூண்டி_கரை | 15 ஜூன் 2019, மாலை 5:12

குடம் தூக்கிப் பாருங்கள், சிரிப்பு வராது.

நெல்லை_செம்போத்து | 15 ஜூன் 2019, இரவு 8:44

பூண்டி சார், உங்கள் கஷ்டம் நியாயம். ஆனால் நீங்கள் படித்தது பாதிதான். நான் ஆராய்ச்சி மாணவி, முள்காடுதான் என் பாடம், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

தெலுங்கு கங்கை ஒரே ஒரு வாய்க்கால் இல்லை. 1983 ஒப்பந்தப்படி கிருஷ்ணா தண்ணீரை ஸ்ரீசைலத்திலிருந்து சோமசிலா, கண்டலேறு வழியாகச் சென்னைக்குக் கொண்டுவரும் திட்டம், போகிற வழியில் ராயலசீமைக்குப் பாசனமும் கொடுக்கும். 1996-லேயே தண்ணீர் பூண்டிக்கு வந்துவிட்டது. 2005-ல் பிரச்சினை வந்தது அதற்கப்புறம் தோண்டிய கால்வாயில். பறவை இருக்கும் புதர்க்காட்டுக்குள்ளேயே பொக்லைன் இறங்கிவிட்டது. அதைப் பார்த்தவர்கள் ஆய்வாளர்கள்தான், ஏனென்றால் ஸ்ட்ரிப் போட தினமும் அங்கே போய்க்கொண்டிருந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். வழக்கு, மனு என்று போய், கடைசியில் கால்வாயின் பாதை மாற்றப்பட்டது. திட்டத்தையே யாரும் கைவிடச் சொல்லவில்லை. தண்ணீர் வேறு பக்கமாகச் சுற்றிப் போகலாம், அந்தப் பறவைக்குப் போக வேறு புதர்க்காடு இல்லை.

இதில் எனக்கு உறைத்தது வேறு. பாதையை மாற்று என்று சொல்ல அவர்கள் கையில் என்ன ஆதாரம் இருந்தது? அழகான போட்டோவா? இல்லை. எந்தப் பட்டையில் என்றைக்குத் தடம் கிடைத்தது, எந்தப் பட்டையில் கிடைக்கவில்லை என்ற நோட்டுப் புத்தகம். முள்ளுக்காடு அண்ணன் சலித்த மண்.

பூண்டி_கரை | 15 ஜூன் 2019, இரவு 9:30

விளக்கத்துக்கு நன்றி அம்மா. பாதை மாறியது எனக்குத் தெரியாது. ஆனாலும் பூண்டியில் தண்ணீர் இல்லை என்பது மாறவில்லை, அதையும் எழுதி வைக்கிறேன்.

தணிகை_வேடன் | 16 ஜூன் 2019, காலை 7:20

எல்லோரும் ஆய்வாளர், நோட்டுப் புத்தகம் என்கிறீர்கள். 1986-ல் கண்டுபிடித்தது யார்? 1848-ல் ஜெர்டான் கொடுத்த பறவை மாதிரியை வைத்து விலங்கியலாளர் பிளைத் பேர் வைத்தார். 1900-ல் அனந்தப்பூர்ப் பக்கம் கேம்பெல் பார்த்ததோடு சரி. அப்புறம் பெரிய பெரிய ஆட்கள் தேடினார்கள், 86 வருடம் ஒன்றும் கிடைக்கவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பரத் பூஷண் வந்து உள்ளூர்க்காரர்களிடம் விசாரித்துத் திரிந்த பிறகு, ஐதண்ணா என்கிற வேட்டைக்காரர் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் கையால் பிடித்துக் கொடுத்தார். அவர்களுக்கு அது புதுப் பறவையே இல்லை, கலிவி கோடி என்று பேர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்த பறவை. "திரும்பக் கண்டுபிடித்தார்கள்" என்று எழுதும்போது எனக்குச் சிரிப்புதான் வரும். யாருக்குத் தொலைந்தது?

முள்ளுக்காடு | 16 ஜூன் 2019, காலை 10:05

நூற்றுக்கு நூறு. ஆனால் அந்தப் பறவை பிடித்த சில நாளிலேயே செத்துப்போனது என்பதையும் சேர்த்துச் சொல்லணும். பறவையியல் அறிஞர் சாலிம் அலி கடைசிக் காலத்தில் கையில் வாங்கிப் பார்த்ததெல்லாம் பதப்படுத்தின உடம்புதான். மறு வருடம் அவரும் போய்விட்டார். பிடிக்கத் தெரிந்தவருக்கு வைத்துக் காப்பாற்றத் தெரியவில்லை, காப்பாற்றத் தெரிந்தவருக்குப் பிடிக்கத் தெரியவில்லை. ரெண்டு பேர் மேலும் தப்பு சொல்ல மாட்டேன்.

எங்கள் கூட வந்த பெரியவரும் அப்படிப்பட்ட குடும்பம்தான். எனக்குத் தெலுங்கு வராது, அவருக்குத் தமிழ் வராது. ஸ்ட்ரிப்பில் நான் பத்து நிமிடம் அளந்து கண்டுபிடிக்கிற தடத்தை அவர் நின்றபடியே கால் கட்டைவிரலால் காட்டிச் சொல்வார். நான் அளந்து பார்த்தால் அதுதான். இருந்தாலும் நோட்டில் அளவைத்தான் எழுத வேண்டும், "பெரியவர் சொன்னார்" என்று எழுத முடியாது. பொக்லைன்காரன் முன்னால் அது எடுபடாது.

ஆட்காட்டி92 | 16 ஜூன் 2019, காலை 11:18

சரி, ஸ்பீக்கர் வேண்டாம். வெறும் டார்ச்சோடு சரணாலயத்தை ஒட்டின ரோட்டில் ராத்திரி நடக்கலாமா? உள்ளே போக மாட்டோம்.

முள்ளுக்காடு | 16 ஜூன் 2019, காலை 11:40

வேலூர்ப் பையன் நாலு பேர், ராத்திரி, தமிழ் பேச்சு, தோளில் பை. அது செம்மரக் காடு தம்பி. 2015 ஏப்ரலில் சேஷாசலத்தில் நம்ம பக்கத்து ஆட்கள் 20 பேர் சுடப்பட்டது மறந்துவிட்டதா? என்னை 2003-லேயே ஒரு செக்போஸ்ட்டில் ராத்திரி முழுக்க உட்கார வைத்தார்கள். அனுமதிக் கடிதம் கையில் இருந்தது. பையில் இருந்த சல்லடையைக் காட்டி "இது எதுக்கு" என்றார்கள். மண் சலிக்க என்றேன். மண்ணில் என்ன இருக்கிறது என்றார்கள். கால் தடம் என்றேன். அதற்கப்புறம் யாருமே என்னை நம்பவில்லை. தங்கம் தேடுகிறவன் என்று முடிவு செய்துவிட்டார்கள். விடிந்து ஆள் வந்து அழைத்துப்போனார்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை 1-ல் உள்ள பறவை. சரணாலயத்துக்குள் ராத்திரி அனுமதி இல்லாமல் கால் வைத்தால் வழக்குதான்.

நெல்லை_செம்போத்து | 16 ஜூன் 2019, மதியம் 2:25

இன்னொன்று, வேலி போட்டுக் காவல் வைத்தால் பறவை பிழைத்துவிடும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள், இங்கேயும் முன்பு ஒரு இழையில் பார்த்தேன். இந்தப் பறவை விஷயத்தில் அது அவ்வளவு சுலபமில்லை. அதற்குப் பிடித்த இடத்தை அளந்து பார்த்ததில், 2 மீட்டருக்கு மேல் உயர்ந்த புதர் ஹெக்டேருக்கு 300 முதல் 700 வரை, சின்னப் புதர் 1000-க்குள் இருக்கிற இடத்தில்தான் அதிகம் தென்பட்டது. அதாவது ஒளிந்துகொள்ளப் புதர் வேண்டும், ஓடுவதற்கு இடைவெளியும் வேண்டும். முழுக்க வெட்டினால் பறவை போய்விடும். முழுக்க அடைந்துபோனாலும் போய்விடும். அந்த நடுத்தரக் காட்டை இத்தனை நாள் அப்படியே வைத்திருந்தது யார் என்று பார்த்தால், ஆடு மேய்த்தவர்களும் விறகு வெட்டினவர்களும். ஆடு அதிகமானால் கெடுதல், ஆட்டை அறவே விரட்டினால் அதுவும் கெடுதல். எத்தனை ஆடு சரி என்று யார் முடிவு செய்வது? காவல்காரரா, மேய்ப்பரா? நான் மேய்ப்பர் பக்கம் கொஞ்சம் சாய்வேன். என் ஆராய்ச்சி கைடு சாய மாட்டார். 😀

தணிகை_வேடன் | 16 ஜூன் 2019, மாலை 3:00

உங்கள் கைடை இங்கே வரச் சொல்லுங்கள் அக்கா.

கோலார்_பேரன் | 17 ஜூன் 2019, இரவு 10:50

தாமதமாக வருகிறேன். யாரும் சொல்லாத ஒன்று. எங்கள் தாத்தா, அவர் அப்பா எல்லாம் கோலார் தங்கவயலில் சுரங்க வேலை, வட ஆற்காட்டிலிருந்து போனவர்கள். 2013-ல் ஸ்காட்லாந்தில் அபர்தீன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் பழைய முட்டை ஒன்று அகப்பட்டது. டிஎன்ஏ எடுத்துப் பார்த்ததில் ஜெர்டான் கோர்சர் முட்டை. உலகத்தில் வேறு முட்டை எதுவும் தெரிந்திருக்கவில்லை. அதைச் சேகரித்தவர் மீட்டன் என்ற கால்நடை மருத்துவர், 1917-ல், கோலார் தங்கவயல் பக்கம்!

அதாவது 1900-க்குப் பிறகு பறவை தென்படவே இல்லை என்று எழுதப்பட்ட அந்தக் காலத்திலேயே, எங்கள் கொள்ளுத்தாத்தா ஷிஃப்ட் முடிந்து நடந்துபோன முள்காட்டில் அது முட்டை போட்டுக்கொண்டிருந்தது. கடப்பா மட்டும்தான் அதன் ஊர் என்று ஏன் நினைக்க வேண்டும்? வேலூர்த் தம்பிக்குக் கோலார் எவ்வளவு தூரம்? குடியாத்தம் தாண்டினால் ஆந்திர எல்லை, அப்புறம் கொஞ்ச தூரம்தான்.

முள்ளுக்காடு | 18 ஜூன் 2019, காலை 6:15

இதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன், நீங்கள் அழகாகச் சொல்லிவிட்டீர்கள். தம்பி, லீவு மூன்று நாளும் உன் ஊரைச் சுற்றிச் செலவு பண்ணு. பட்டா நிலம், தரிசு, களா, இலந்தை, நடுவில் மண் தெரிகிற இடம். நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு ஸ்ட்ரிப் போடு. ராத்திரி அங்கே நிற்கவே வேண்டாம். பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. அந்த "ஒன்றும் கிடைக்கவில்லை"யை இடம், தேதி, எத்தனை பட்டை என்று எழுதி வை. பின்னால் தேடுகிறவனுக்கு அது உபயோகம். சல்லடை ரவை சலிக்கிறது வேண்டாம், ரொம்பப் பொடி. மைதா சலிக்கிறதும் வேண்டாம். கொத்தனார் பூச்சு மணல் சலிக்கிற வலை இருக்கிறதே, அதில் ஒரு துண்டு போதும்.

வரகு | 18 ஜூன் 2019, காலை 9:00

தானியங்கி ஒலிப்பதிவுக் கருவி ஒன்று மரத்தில் கட்டிவிட்டு வரலாமே? இப்போது சின்னதாக, தீப்பெட்டி அளவுக்கு வந்திருக்கிறது. ஸ்பீக்கர் மாதிரி தொந்தரவும் இல்லை.

நெல்லை_செம்போத்து | 18 ஜூன் 2019, காலை 9:35

நல்ல யோசனை. இருட்டின பிறகு ஒரு மணி நேரம் மட்டும் பதியும்படி வைத்தால் பேட்டரி நாள் கணக்கில் தாங்கும். பதிவை யார் உட்கார்ந்து கேட்பது என்பதுதான் கேள்வி. எங்கள் லேபில் நான் மூன்று மாதம் வெறும் சில்வண்டு கேட்டேன்.

ஆட்காட்டி92 | 4 ஆகஸ்ட் 2019, இரவு 8:20

அண்ணா, போட்டோம். கடப்பா போகவில்லை. நண்பனின் மாமா தரிசு நிலம், எல்லை ஓரம். 12 பட்டை, மூன்று ராத்திரி. முதல் நாள் சலிக்கவே மதியம் ஆகிவிட்டது, கை கொப்புளம். சாயங்காலம் ஐந்து பட்டையை ஆடு மிதித்துவிட்டது, மேய்க்கிற பாட்டி "கோலம் போட்டதுக்கு நான் என்ன பண்ணுவேன் சாமி" என்று சிரித்தார். ரெண்டாம் நாள் அவரே ஆட்டை அந்தப் பக்கம் சுற்றி ஓட்டினார். மூன்றாம் நாள் மழை, எல்லாம் போச்சு.

கணக்கு: முயல் 4, கவுதாரி 7, நரி 1, நாய் நிறைய, பாட்டியின் செருப்பு 2. அப்புறம் 9-வது பட்டையில் இந்தத் தடம். மூன்று விரல், பின்விரல் இல்லை. படம் இணைத்திருக்கிறேன். கண்கிலேடியாக இருக்கும் என்று எங்களுக்கே தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

பூண்டி_கரை | 4 ஆகஸ்ட் 2019, இரவு 8:41

ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த கதையில் நானும் பிஸி. ஆனால் இந்த இழையை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்ன தடம் அது?

முள்ளுக்காடு | 4 ஆகஸ்ட் 2019, இரவு 9:55

படம் நல்ல தெளிவு. ஆனால் பக்கத்தில் அளவுகோல் இல்லையே தம்பி. இதை வைத்து காடை என்றும் சொல்லலாம், மயில் என்றும் சொல்லலாம். அடுத்த தடவை ஒரு ரூபாய்க் காசையாவது போட்டு எடு.

ஆட்காட்டி92 | 4 ஆகஸ்ட் 2019, இரவு 9:58

அய்யோ. பையில் ஸ்கேல் இருந்தது அண்ணா.